புஞ்சிலாக்கா, மெல்பர்ன் மியூசியம்: காதைத் தீட்டிக்கிட்டுப் போக வேண்டிய இடம்

மெல்பர்ன் மியூசியம் போற நம்ம ஆளுங்க பெரும்பாலும் ட்ரைசெராடாப்ஸ் எலும்புக்கூடு, பூச்சி செக்‌ஷன், பக்கத்துல ஐமேக்ஸ், இதோட முடிச்சுட்டு கெளம்பிடறாங்க. அதே கட்டடத்துக்குள்ள புஞ்சிலாக்கான்னு ஒரு பூர்வகுடி பண்பாட்டு மையம் இருக்கு, அங்க எட்டிப் பாக்குறவங்களும் அஞ்சு நிமிஷம் ஒரு ரவுண்டு அடிச்சுட்டு பூமராங் பாத்தாச்சுன்னு வெளிய வந்துடறாங்க. என்னைக் கேட்டா குடுத்த டிக்கெட் காசுக்கு முழு நியாயம் பண்ற இடம் அதுதான். தமிழ்ல இதைப் பத்தி விரிவா யாரும் எழுதி என் கண்ணுல படல, அதான் கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

உள்ள இருக்குற முக்கியமான கண்காட்சி பேரு ஃபர்ஸ்ட் பீப்பிள்ஸ், 2013ல தெறந்தாங்க. விக்டோரியா மாநிலத்தோட பல பூர்வகுடி சமூகங்கள்ல இருந்து பெரியவங்களையும் சமூக ஆட்களையும் சேர்த்து யூலெஞ்ச்னு ஒரு குழு வெச்சு, மியூசியம் ஆளுங்களும் அவங்களும் சேர்ந்து உக்காந்து பேசி உருவாக்குன கண்காட்சி இது. இதை ஏன் மொதல்லயே சொல்றேன்னா, உலகம் முழுக்க மியூசியங்கள்ல பழங்குடி மக்கள் சாமான்னு வெச்சிருக்குறதுல முக்கால்வாசி வேற யாரோ எடுத்துட்டு வந்தது, வேற யாரோ லேபிள் எழுதுனது, "இவர்கள் இப்படி வாழ்ந்தனர்"ன்னு செத்துப்போன மாதிரியே எழுதியிருப்பாங்க. இங்க லேபிள படிச்சா "நாங்க", "எங்க நிலம்", "எங்க பாட்டி"ன்னு இருக்கும். அந்த ஒரு மாற்றத்துல மொத்த கேலரியும் வேற மாதிரி ஆயிடுது, நீங்க வேடிக்கை பாக்க வந்தவர்ங்கற நெலமை போய் ஒருத்தர் வீட்டுக்கு வந்த விருந்தாளி ஆயிடறீங்க.

ஆஸ்திரேலியாவுல இந்த மாதிரி எந்த இடத்துக்குப் போனாலும் ஒரு அறிவிப்பு பாக்கலாம், இறந்துபோனவங்க பேரு, படம், குரல் உள்ள இருக்கும்னு பூர்வகுடி மக்களுக்கு முன்கூட்டியே சொல்ற அறிவிப்பு. பல சமூகங்கள்ல இறந்தவங்க பேரைச் சொல்றதுக்கும் படத்தைக் காட்டறதுக்கும் கட்டுப்பாடு உண்டு, அதுக்கான மரியாதை. கதைங்கறது இவங்களுக்கு யார் வேணா எடுத்து யார்கிட்ட வேணா சொல்ற விஷயம் கெடையாது, அதைச் சொல்ல உரிமை உள்ளவங்கன்னு ஆளுங்க இருக்காங்க, சொல்லக்கூடிய இடம், நேரம்னு இருக்கு. சில கதை பெண்களுக்கு மட்டும், சில கதை ஆண்களுக்கு மட்டும். கண்காட்சில நீங்க கேக்குறதெல்லாம் எல்லாருக்கும் சொல்லலாம்னு அவங்களே முடிவு பண்ணிக் குடுத்தது, இது தெரிஞ்சு போனா ஒவ்வொண்ணையும் கவனிக்கற விதமே மாறிடும்.

சரி உள்ள போவோம். புஞ்சில்ங்கறது பெரிய கழுகு, மெல்பர்ன் சுத்துவட்டார குலின் மக்களுக்கு படைப்புக் கடவுள் மாதிரி. மண்ணையும் மலையையும் ஆத்தையும் உண்டாக்கி, களிமண்ணுல மனுஷனைப் பிடிச்சு வெச்சு உயிர் குடுத்தது புஞ்சில். இன்னொருத்தர் வா, அதாவது காக்கா. குலின் மக்கள் எல்லாருமே ஒண்ணு புஞ்சில் வகையறா இல்லன்னா வா வகையறா, ஒரே வகையறாக்குள்ள கல்யாணம் பண்ணிக்க மாட்டாங்க. இந்தப் படைப்புக் கதைக்காகவே ஒரு இடம் இருக்கு, தலைக்கு மேல எறகு எறகா அடுக்குன பெரிய ரெக்கை ஒண்ணு, அது மெதுவா மூச்சு விடற மாதிரி ஏறி எறங்கும், அது மேல வெளிச்சம் ஓடும், கூடவே குரல்ல கதை வரும். மோட்டாரும் லைட்டும் வெச்சுப் பண்ணதுன்னு தெரிஞ்சும் அண்ணாந்து பாத்துக்கிட்டே நிக்கத் தோணும். கொழந்தைங்க அங்கயே தரையில உக்காந்துடுவாங்க, எழுப்பாதீங்க, நீங்களும் கூட உக்காந்துடுங்க.

புஞ்சில் கதையோட முடிவு எனக்கு ரொம்பப் பிடிச்சது. எல்லாத்தையும் படைச்சு முடிச்சு, மக்களுக்கு எப்படி வாழணும்னு சொல்லிக் குடுத்துட்டு, காத்தைப் பையில கட்டி வெச்சிருந்த பெல்லின் பெல்லின்ங்கற பறவைகிட்ட அந்தப் பையை அவிழ்க்கச் சொல்றார் புஞ்சில். பெரிய சூறாவளி அடிச்சு, புஞ்சிலும் குடும்பமும் வானத்துக்குப் போயிடறாங்க. அங்க நட்சத்திரமா இருந்து பாத்துக்கிட்டிருக்கார். எந்த நட்சத்திரம்னா ஆல்டேர், நம்ம ஊர்ல திருவோணம்னு சொல்றோமே அதேதான். பக்கத்துல ரெண்டு பக்கமும் இருக்குற சின்ன நட்சத்திரம் ரெண்டும் அவரோட மனைவிங்க, கருப்பு அன்னங்கள். குளிர்காலம் முடியற சமயத்துல ராத்திரி மெல்பர்னுக்கு வெளிய போய் வடக்குப் பக்கம் பாத்தா அந்த மூணும் வரிசையா நிக்கறது நல்லா தெரியும்.

கதைன்னா கற்பனைன்னு நெனைக்கறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்றேன். மெல்பர்ன் முன்னாடி இருக்குற போர்ட் ஃபிலிப் வளைகுடா ஒரு காலத்துல கடலே கெடையாது, கங்காரு வேட்டையாடுற புல்வெளியா இருந்துச்சு, அப்புறம் தண்ணி ஏறி வந்து மூடிடுச்சுன்னு பூன் வுர்ரங் மக்கள் தலைமுறை தலைமுறையா சொல்லிட்டு வர்றாங்க. ஜனங்க சண்டை சச்சரவுன்னு நிலத்தை கவனிக்காம விட்டதால கடல் கோபப்பட்டு வந்துச்சு, புஞ்சில்கிட்ட கெஞ்சினதும் அவர் தடுத்து நிறுத்தினார்ன்னு கதை. புவியியல் ஆராய்ச்சி பண்றவங்களும் பனியுகம் முடிஞ்சு கடல் மட்டம் ஏறுனப்ப, அதாவது இன்னைக்கு இருந்து கணக்குப் போட்டா பத்தாயிரம் வருஷத்தை ஒட்டின காலத்துல, இந்தப் பள்ளம் தண்ணியில மூழ்க ஆரம்பிச்சதுன்னு சொல்றாங்க, நடுவுல ஒரு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் திரும்ப ரொம்ப நாள் காஞ்சு கெடந்துச்சுன்னும் கண்டுபிடிச்சிருக்காங்க. எந்த வெள்ளத்தை எந்தக் கதை சொல்லுதுன்னு நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன், ஆனா எழுத்தே இல்லாம வெறும் வாய்ல அவ்ளோ காலத்து விஷயத்தைக் கை மாத்தி விட்டிருக்காங்கங்கறதை நெனச்சா மலைப்பா இருக்கு.

இப்ப பாஸம் தோல் போர்வை. இதுக்குன்னே தனியா நேரம் ஒதுக்குங்க. பாஸம்ங்கறது ராத்திரில நம்ம வீட்டு கூரை மேல திடு திடுன்னு ஓடுமே அதே பிராணிதான். அதோட தோலை சதுரம் சதுரமா வெட்டி ஒண்ணோட ஒண்ணு தைச்சு போர்வை பண்ணுவாங்க, விக்டோரியா குளிருக்கு ரோமப் பக்கம் உடம்பை ஒட்டி இருக்கும். தோல் பக்கத்துல சிப்பி ஓட்டால கீறி கோடு, வளைவு, கட்டம்னு வரைஞ்சு காவி மண் தேய்ப்பாங்க. அந்தக் கோடெல்லாம் அழகுக்கு இல்ல, இவர் எந்த ஊரு, எந்த வகையறா, எந்த ஆறு இவரோடதுங்கறது எல்லாம் அதுல இருக்கு. கொழந்தை பொறந்தா சில தோல் துண்டு சேர்த்து சின்னதா ஒண்ணு தைச்சுக் குடுப்பாங்க, வளர வளர துண்டு சேர்த்துக்கிட்டே போவாங்க, புதுத் துண்டுல புதுக் கதை ஏறும், கடைசில செத்தா அதுலயே சுத்திப் பொதைப்பாங்க. ஒரு ஆளோட மொத்த வாழ்க்கை வரலாறும் அவர் தோள்லயே இருந்துச்சு.

அப்படிப் பொதைச்சதால பழசு ரொம்பக் கம்மியாதான் மிஞ்சியிருக்கு, அதோட வெள்ளைக்காரங்க வந்து கம்பளி குடுக்க ஆரம்பிச்சதும் போர்வை பண்ற பழக்கமே நின்னு போச்சு, மழைல நனைஞ்ச கம்பளியைப் போட்டுக்கிட்டு நோய் வந்து செத்தவங்க எத்தனையோ பேர். 1853ல எச்சூக்கா பக்கம் கெடைச்ச, யோர்ட்டா யோர்ட்டா மக்களோட ஒரு போர்வையும், 1872ல லேக் கோண்டால கெடைச்ச, குண்டிட்ஜ்மாரா மக்களோட ஒரு போர்வையும் இந்த மியூசியத்தோட சேகரிப்புல இருக்கு. 1999ல விக்கி கவுசன்ஸ், டெப்ரா கவுசன்ஸ், லீ டேரக், ட்ரியானா ஹேம்னு நாலு பூர்வகுடி பெண் கலைஞர்கள் இந்தப் பழைய போர்வைங்களை நேர்ல பாத்துட்டு, இதை நாம திரும்பப் பண்ணியே ஆகணும்னு எறங்கிட்டாங்க. பாஸம் ஆஸ்திரேலியால பாதுகாக்கப்பட்ட பிராணி, அடிக்கக் கூடாது, அதனால நியூசிலாந்துல இருந்து தோல் வரவழைச்சாங்க, அங்க அது வெளியில இருந்து வந்து காட்டை அழிக்கற தொல்லைப் பிராணி. சிப்பி ஓட்டுக்கு பதிலா சூடு போடற கம்பியால கோடு வரைஞ்சாங்க. 2006 மெல்பர்ன் காமன்வெல்த் கேம்ஸ் தொடக்க விழால விக்டோரியாவோட முப்பதுக்கும் மேல மொழிக் குழுவைச் சேர்ந்த பெரியவங்க தங்களுக்குன்னு பண்ணின போர்வையோட நடந்து வந்தாங்க. இப்ப திரும்ப கொழந்தை பொறந்தா போர்வை, பட்டம் வாங்கினா போர்வை, சாவுக்கும் போர்வைன்னு அந்த சமூகங்கள்ல பழக்கத்துக்கு வந்துடுச்சு.

கூடை பின்னுறதும் இதே மாதிரிதான். விலாங்கு மீன் பிடிக்கற நீளமான பின்னல் கூடை ஒண்ணு உண்டு, ஒரு பக்கம் வாய் அகலமா, வால் பக்கம் குறுகலா. மேற்கு விக்டோரியால புட்ஜ் பிம்னு ஒரு இடத்துல எரிமலைக் கல்லை அடுக்கி வாய்க்கால் வெட்டி விலாங்கு வளர்த்திருக்காங்க குண்டிட்ஜ்மாரா மக்கள், குறைஞ்சது 6,600 வருஷப் பழசு, 2019ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க. அந்த மக்கள்ல கானி ஹார்ட்னு ஒரு அம்மா இருந்தாங்க, 1917ல பொறந்தவங்க. அவங்க அம்மாவுக்குப் பின்னத் தெரியும், ஆனா பொண்ணுக்கு சொல்லிக் குடுக்க மாட்டேன்னுட்டாங்க, இனிமே வெள்ளைக்காரங்க மாதிரி வாழணும், இதெல்லாம் வேணாம்னு ஒரு பயம். இவங்க ஒளிஞ்சு நின்னு பெரியவங்க கை ஓடறதைப் பாத்துப் பாத்தே மனசுல ஏத்திக்கிட்டு, அம்மா போனப்புறம் வயசான காலத்துல கூடை பின்னற புல்லை எடுத்து பின்ன ஆரம்பிச்சாங்க, அப்புறம் நெறைய பேருக்குக் கத்துக் குடுத்துட்டுத்தான் 1993ல கண்ணை மூடினாங்க. எங்கயாவது பின்னல் கூடை பாத்தீங்கன்னா இந்த அம்மாவை நெனச்சுக்கோங்க.

வரலாறு சொல்ற பகுதி கனமா இருக்கும். படுகொலைகள், பூர்வகுடி பிள்ளைங்களை அரசாங்கம் குடும்பத்துல இருந்து பிடுங்கிட்டுப் போனது எல்லாம் வரும், பெரிய பசங்களுக்கு முன்னாடியே கொஞ்சம் சொல்லிக் கூட்டிட்டுப் போறது நல்லது. நான் இங்க எழுத்தைப் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா பூர்வகுடின்னா வாய்மொழி மட்டும்தான்னு நாம நெனச்சுக்கிட்டிருக்கோம். 1835ல ஜான் பேட்மன்ங்கற வெள்ளைக்காரர் ஒரு காகிதத்தோட வந்து, போர்வை கத்தி கோடாலி கண்ணாடின்னு குடுத்துட்டு சுமார் 6 லட்சம் ஏக்கர் எனக்கு எழுதிக் குடுத்துட்டாங்கன்னு சொன்னார். அந்த மக்களுக்கு நிலத்தை விக்கறதுங்கற நெனப்பே கெடையாது. அந்த சந்திப்பு நடந்தப்ப சின்னப் பையனா அங்க இருந்தவர் வில்லியம் பராக். அவர் பெருசாகி வுருண்ட்ஜெரி மக்களோட தலைவரா ஆனப்புறம், கொராண்டர்க்ங்கற பூர்வகுடி குடியிருப்பை மூடப் பாத்த அரசாங்கத்துக்கு எதிரா அங்க இருந்த மக்களோட சேர்ந்து மனு மேல மனு, பத்திரிகைக்கு கடிதம்னு எழுதித் தள்ளினாங்க. தூதுக்குழுவா சேர்ந்து கொராண்டர்க்ல இருந்து மெல்பர்ன் வரைக்கும் நடந்தே வந்து மந்திரிங்களைப் பாத்தாங்க. 1881ல விசாரணையே வெக்க வேண்டி வந்துச்சு, அதுல பூர்வகுடி மக்கள் நேர்ல வந்து சாட்சி சொன்னாங்க. அப்புறம் 1886ல ஒரு சட்டம் போட்டு, கலப்பு வம்சத்துல வந்த எளவயசுக்காரங்களை எல்லாம் குடியிருப்பை விட்டு வெளிய அனுப்பி, குடும்பம் குடும்பமா ஒடைச்சாங்க.

பராக் ஓவியரும்கூட. காவி மண்ணும் கரியும் வெச்சு, போர்வை போத்திக்கிட்டு வரிசையா நிக்கற மக்கள், நடுவுல தீ, ஆட்டம், இப்படிப் பழைய சடங்குகளை காகிதத்துல வரைஞ்சு வெச்சார். அந்தப் போர்வைல இருக்குற ஒவ்வொரு கோட்டையும் விடாம வரைஞ்சிருப்பார், ஒவ்வொரு ஆளுக்கும் வேற வேற கோலம், அதனாலதான் இன்னைக்கு போர்வை பண்றவங்களுக்கு அது பாடப்புத்தகம். 2022ல அவரோட ஒரு ஓவியமும் அவர் செதுக்குன கேடயமும் நியூயார்க்ல ஏலத்துக்கு வந்தப்ப, வுருண்ட்ஜெரி மக்கள் பொதுஜனம்கிட்ட நிதி திரட்டி, மாநில அரசு பணமும் சேர்த்து ஏலத்துல எடுத்து ஊருக்குக் கொண்டு வந்தாங்க. ஸ்வான்ஸ்டன் ஸ்ட்ரீட் வடக்குக் கோடில ஒரு அபார்ட்மென்ட் கட்டடத்தோட பால்கனி முழுக்க ஒரு பெரியவர் முகம் தெரியுமே, தெனம் ட்ராம்ல பாத்துட்டுப் போறோமே, அவர்தான் இவர்.

அதே மாதிரி ஃபுட்ஸ்க்ரே ஸ்டேஷன்ல நடை மேம்பாலத்துக்குப் பேரு வில்லியம் கூப்பர். 1930கள்ல நாடாளுமன்றத்துல எங்களுக்கு ஒரு பிரதிநிதி வேணும்னு 1,814 கையெழுத்து வாங்கி இங்கிலாந்து ராஜாவுக்கு மனு எழுதினவர், அரசாங்கம் அதை அனுப்பவே இல்ல. 1938 டிசம்பர் 6ம் தேதி, ஜெர்மனில யூதர்கள் மேல நடந்த கொடுமையைக் கண்டிச்சு தன் ஆளுங்களைக் கூட்டிட்டு மெல்பர்ன்ல இருந்த ஜெர்மன் துணைத் தூதரகத்துக்குப் போனவரும் இவர்தான், சொந்த நாட்டுல தங்களுக்கு உரிமை இல்லாத நேரத்துல.

கடைசியா, உக்காந்து கேக்கறதுக்குன்னே ஒரு அறை. டீப் லிஸனிங் ஸ்பேஸ்னு பேரு. கண்ணாடிப் பெட்டி இல்ல, பழைய சாமான் இல்ல, பெரிய திரைல கூரி மக்கள் (தென்கிழக்கு ஆஸ்திரேலியப் பூர்வகுடிங்க தங்களைச் சொல்லிக்கற பேரு), சின்னப் பசங்கள்ல இருந்து பெரியவங்க வரைக்கும், உங்களைப் பாத்துப் பேசறாங்க. என் தோல் நெறத்தைப் பாத்துட்டு நீ நெஜமாவே பூர்வகுடியான்னு கேக்கறாங்கன்னு, மொழியைத் திரும்பக் கத்துக்கறோம்னு, எங்க குடும்பம் எதுன்னு தேடிக் கண்டுபிடிச்சோம்னு இப்படி. ஊர்ல இருந்து வந்த எங்கம்மாவைக் கூட்டிட்டுப் போனப்ப, அதுவரைக்கும் போர்வை கூடை எல்லாம் பாத்துட்டு "இவங்கல்லாம் இப்ப இருக்காங்களாடா?"ன்னு கேட்டாங்க. இந்த அறைல உக்கார வெச்சு, பக்கத்துல இருந்து மெதுவா தமிழ்ல சொல்லிக்கிட்டே இருந்தேன். திரைல ஒரு சின்னப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே பாட்டியைப் பத்திப் பேசறதைப் பாத்துட்டு, அதுக்கப்புறம் அம்மா அந்தக் கேள்வி கேக்கல, அடுத்து யார் பேசறாங்கன்னு பாக்கலாம் இருன்னுட்டாங்க. 2021 கணக்கெடுப்புப்படி விக்டோரியால மட்டும் சுமார் 66,000 பூர்வகுடி மக்கள் இருக்காங்க, பலர் மெல்பர்ன்லயேதான், நம்ம பக்கத்து தெருவுல, ஆபீஸ்ல, பசங்க ஸ்கூல்ல.

போறதுக்கு முன்னாடி சில விஷயம். மியூசியம் கார்ல்டன் கார்டன்ஸ்ல, ராயல் எக்ஸிபிஷன் பில்டிங்குக்குப் பின்னாடி இருக்கு, பார்லிமென்ட் ஸ்டேஷன்ல எறங்கி நடந்துடலாம், 86 இல்ல 96 ட்ராமும் போகும். பெரியவங்களுக்கு டிக்கெட், பசங்களுக்கு இலவசம். ரெண்டு மணி நேரமாவது இதுக்கு மட்டும் வெச்சுக்கோங்க, ஸ்கூல் நாள்ல போனா மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் அமைதியா இருக்கும். வெளிய மிலாரி தோட்டம் இருக்கு, எந்தச் செடி சாப்பாட்டுக்கு, எது மருந்துக்கு, எது கூடை பின்னன்னு பாத்துக்கிட்டே நடக்கலாம். பிர்ரரங் கேலரில இப்ப இருக்குற கலைஞர்களோட படைப்பு மாறி மாறி வரும், அதையும் விடாதீங்க. புள்ளி புள்ளியா வரையற பாலைவன ஓவியம்தான் பாக்கணும்னா இந்த இடம் விக்டோரியா கதைக்கானது, அதுக்கு ஃபெடரேஷன் ஸ்கொயர்ல இருக்குற இயன் பாட்டர் சென்டர்ங்கற ஓவிய கேலரிக்குப் போங்க, அனுமதி இலவசம், பராக்கோட ஓவியமும் அந்த கேலரி சேகரிப்புல இருக்கு. அதே ஃபெடரேஷன் ஸ்கொயர்ல கூரி ஹெரிடேஜ் ட்ரஸ்ட்டும் இருக்கு, 1985ல ஆரம்பிச்சது, யாரா ஆத்தங்கரை ஓரமா பூர்வகுடி வழிகாட்டியோட நடந்து கதை கேக்கற டூர் நடத்தறாங்க, மியூசியம் பாத்த கையோட அதையும் பண்ணா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து புரியும்.

வாங்கறதைப் பத்தி கண்டிப்பா சொல்லணும். சிட்டில ஒரு சூவனீர் கடைல புள்ளி வெச்ச பூமராங் அடுக்கி வெச்சிருந்தாங்க, திருப்பிப் பாத்தா கலைஞர் பேரும் இல்ல எந்த ஊர் மக்கள்னும் இல்ல, யார் பண்ணதுன்னு கேட்டா கடைக்காரருக்கும் தெரியல. 2022ல ஆஸ்திரேலிய அரசோட ப்ரொடக்டிவிட்டி கமிஷன் ஆராய்ஞ்சு சொன்னது, பூர்வகுடி ஸ்டைல்னு விக்கற சூவனீர்ல பாதிக்கும் மேல பூர்வகுடி மக்களுக்கு சம்பந்தமே இல்லாத போலி. கோடும் புள்ளியும் ஒரு குடும்பத்தோட கதை, ஒரு நிலத்தோட உரிமைன்னு மேல இவ்ளோ பாத்தோமே, அதை யாரோ ஃபேக்டரில அச்சடிச்சு வித்தா அது காசுத் திருட்டு மட்டும் இல்ல, கதைத் திருட்டு. அதனால எங்க வாங்கினாலும் கலைஞர் பேரு என்ன, எந்த மக்கள், அவங்களுக்கு எவ்ளோ போகுதுன்னு கேளுங்க, நல்ல கடைல சந்தோஷமா சொல்லுவாங்க. ஊருக்கு எடுத்துட்டுப் போக லேசா ஏதாவது வேணும்னா புத்தகம் வாங்குங்க. மேற்கு ஆஸ்திரேலியால ப்ரூம்ங்கற ஊர்ல 1980கள்ல ஆரம்பிச்ச மகபாலா புக்ஸ்னு ஒரு பதிப்பகம் இருக்கு, பூர்வகுடி மக்களே நடத்தறது, எழுதறவங்களும் அவங்களே, கொழந்தைங்க படப் புத்தகத்துல இருந்து கவிதை வரைக்கும் போடறாங்க. படப் புத்தகத்துல இருந்து ஆரம்பிங்க, பசங்களுக்கு சத்தமா வாசிச்சுக் காட்டுங்க, அது அப்படி கேக்கறதுக்குன்னே எழுதினது.